பெயிண்ட் அடிச்ச ஜீப்பு

வா மாப்ள, உக்காரு. வேர்த்து விறுவிறுத்து வந்திருக்க. மல்லாங்கிணத்துல ஜீப்பு வச்சிருந்தவுக எத்தனையோ பேரு. ஊரையே கூட்டித் தள்ளவச்ச புண்ணியவான் நீ ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்துப் பயலுகளுக்கு இனி டிரில் பீரியடே வேண்டாம்போல.

வண்டியக் கொறை சொல்லாத. மஹிந்திரா எம்.எம்.540, 1980-கள்ல வந்த உருப்படி. பியூஜோ டீசல் இஞ்சின், 2112 சிசி. அதுக்குத் தாத்தா வில்லிஸ் ஜீப்பு, ரெண்டாம் உலகப்போருக்கே போய்ட்டு வந்தவரு. அந்த வம்சம் ஒன் கையில வந்து மாட்டிக்கிருச்சு.

வாங்குன ஒடனே நீ என்ன செஞ்ச? சேஸு, போல்ட்டு, பிராக்கெட்டு ஒண்ணு விடாம ராணுவப் பச்சைய அப்பிட்ட. அந்தப் பச்சைய ராணுவ வண்டி தவிர வேற எந்த வண்டிக்கும் அடிக்கக் கூடாதுன்னு மோட்டார் வாகன விதியே இருக்கு. அத ஆர்.டி.ஓ. பாத்துக்கிடுவாக. என் கவலை வேற.

சாவியத் திருகுனா ‘டொக்’குன்னு ஒத்தச் சத்தம். நீ புது பேட்டரி வாங்குன. மறுபடி ‘டொக்’. செல்ப் மோட்டாரக் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்த. மறுபடியும் ‘டொக்’. வித்தவனுக்கும் ரிப்பேர் பாத்தவனுக்கும் நல்ல தீவாளிதான்.

பேட்டரியில இருந்து கெளம்புன கரண்டு திரும்பி வீடு வந்து சேரணும். அது வர்ற பாதை சேஸு. இஞ்சின் ரப்பர் மவுண்டுல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்டு போகாது. அதனாலதான் இஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு எர்த் பட்டை போட்டிருக்காக. அது உக்கார்ற எடத்துலதான் நீ ரெண்டு கோட்டு பெயிண்ட் பூசியிருக்க. பெயிண்ட்லயும் கரண்டு போகாது. பட்டாசு ஆலையில மருந்து அறைக்குள்ள போறவுக வாசல்ல இருக்க தகட்டத் தொட்டு, ஒடம்புக் கரண்ட மண்ணுக்கு எறக்கிட்டுத்தான் போறாக. அந்தத் தகட்டுக்கு எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா?

நெசமா இதுதானான்னு பாக்க ஒரு வழி இருக்கு. மீட்டர வாங்கி ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல வையி, இன்னொண்ண இஞ்சின்ல வெறும் இரும்பு தெரியுற எடத்துல வையி. ஒருத்தன செல்ப் அடிக்கச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்து செத்துப்போச்சு. மீட்டரு இல்லையா, கெட்டியான ஜம்பர் கேபிளால அந்த ரெண்டு எடத்தையும் சேத்துப் புடி. வண்டி கெளம்பிருச்சுன்னா, பேட்டரிக்குக் குடுத்த காச நெனச்சு ஓரமாப் போயி அழுதுக்க. பெறகு உப்புத்தாளால பெயிண்டச் சொரண்டி, போல்ட்ட இறுக்கி, மேல கிரீஸ் தடவு.

அன்னைக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டுச்சுன்னு சொன்னியே, அதுவும் இதே கூத்துதான். நேர் வழிய அடைச்சா கரண்டு அந்தக் கேபிள் வழியா வீட்டுக்கு ஓடும். இண்டிகேட்டரு போட்டா பார்க்கிங் லைட்டு கண்ணடிக்குதே, அது ஒண்ணும் ஒன்னப் பாத்து இல்ல. அந்த லைட்டோட எர்த்தையும் சொரண்டு.

ஃபியூஸ் போன எடத்துல சிகரெட் ஈயத்தாளச் சுத்தி வச்சிருக்க. வெடி செய்யணும்னா சிவகாசியில லைசென்சு வாங்கணும் மாப்ள. நீ லைசென்சு இல்லாம டேஷ்போர்டுக்குள்ளயே செஞ்சு வச்சிருக்க.

டீசல் தீந்து நின்ன வண்டிக்கு டீசல ஊத்திட்டு செல்ப் அடிச்சே சாகாத. ஏர் புடிச்சிருக்கும். ஃபில்டர் மேல இருக்க ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கைபம்ப அடி. நொரை நின்னு டீசல் மட்டும் வந்ததும் முறுக்கிரு. ரேடியேட்டருக்கு நம்ம ஊரு போர் உப்புத்தண்ணி ஆகாது, உள்ள சுண்ணாம்பு கட்டும். கொதிக்கிறப்ப மூடியத் தெறக்காத, இருக்குற மூஞ்சியாச்சும் மிஞ்சட்டும்.

இன்னொண்ணு. நாலு சக்கர லீவர கரிசக்காட்டுச் சேத்துல போடு. காரியாபட்டித் தார் ரோட்டுல பொண்ணுக பாக்குறாகன்னு போடாத. முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவுல ஒரே தூரம் ஓடாது. தார்ல வழுக்கவும் வழியில்ல. முறுக்கேறி லீவர் மாட்டிக்கிரும். மாட்டுனா சம்மட்டியத் தேடாத, கொஞ்சம் ரிவர்ஸ் எடு, கழண்டுக்கிரும்.

சரி, உப்புத்தாள் எங்கிட்ட இருக்கு, எடுத்துட்டுப் போ. வண்டி கெளம்புனா அருப்புக்கோட்டை வரைக்கும் என்னையும் ஏத்திக்க. முன் சீட்டுதான் வேணும். பின்னாடி உக்காந்தவுகளத்தான் நீ மொதல்ல எறங்கித் தள்ளச் சொல்லுவ.