கார் ஷெட்டில் ஒரு கயாக்

"வ.உ.சி.யே கப்பலை விலைக்கு வாங்கித்தாங்க ஓட்டினார்" என்றாள் மனைவி, மரத்தில் கயாக் ஒன்றை வீட்டிலேயே கட்டப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது. சரித்திரம் படித்தவளிடம் வாதாடிப் பயனில்லை. காரைத் தெருவில் விட்டுவிட்டு ஷெட்டைக் காலி செய்தேன்.

வேண்டியது நாலு மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை போட்டது. பெயரில்தான் கடல். சென்னையில் அந்தச் சரக்கில் பெரும்பகுதி சமையலறைக் கப்போர்டுக்குத்தான் போகிறது. "கிச்சன் எத்தனை அடி சார்?" என்றார் கடைக்காரர். படகுக்கு என்றேன். "சிங்குக்கு அடியில மட்டும் 19 எம்.எம். போட்டுருங்க" என்றார்.

வடதுருவத்து இன்யூட் மக்கள் கயாக்கைத் தங்கள் உடம்பாலேயே அளந்தவர்கள். நீளம் மூன்று பாகம். அகலம், இடுப்பளவோடு இரண்டு முஷ்டி. அந்தக் கணக்கை என் இடுப்பில் போட்டுப் பார்த்தால் வருவது ஒகேனக்கல் பரிசல். ஆகவே 16 அடிக்கு ஒரு வரைபடத்தை விலைக்கு வாங்கினேன்.

பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எபாக்ஸி பூசி, காய்ந்ததும் கம்பியை வெட்டி எடுத்து, மேலே ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டுவது. முறை இவ்வளவுதான். 1960-களில் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' நாளிதழ் ஆதரவில் வந்த மிரர் என்ற குட்டிப் பாய்மரப் படகு இந்த முறையைப் பிரபலமாக்கியது. 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நம் பத்திரிகைகள் தினசரி காலண்டரோடு நிறுத்திக்கொள்கின்றன.

தையல் படகு நமக்குப் புதிதுமல்ல. துறைமுகம் வரும்வரை மெட்ராஸில் கப்பல் பயணிகளை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகு, ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்ததுதான். அலை மோதினால் நெளிந்துகொடுக்கும். இந்தப் பெருமையையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கையில் எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். "தையல் நல்லா வருதே தம்பி, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பியா?"

எபாக்ஸிக்கும் சென்னை மே மாதத்துக்கும் ஆகாது. ரெசினையும் ஹார்டனரையும் கலந்ததும் அது தானாகவே சூடாகும்; சூடு ஏற ஏற இன்னும் சீக்கிரம் இறுகும். குவளை நிறையக் கலந்து வைத்தால் புகையே கிளம்பிவிடும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். சீர்வரிசைத் தாம்பாளத்தின் பக்கம் என் கை போனதுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ட்ரே வந்து சேர்ந்தது. மூட்டுக்குப் பூச எபாக்ஸியில் மரத்தூளைக் கலக்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெய்ப் பதம் என்கிறது கையேடு. கெட்டிச் சட்னி என்று எடுத்துக்கொண்டேன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படகு கட்டுவது என்கிறார்கள். சுத்தப் பொய். இதற்குப் பெயர் உப்புத்தாள் தேய்ப்பது. 80, 120, 220 என்று நம்பர் ஏறும், கை இறங்கும். மூக்குக்கு மாஸ்க் உண்டு, காப்பி டபராவுக்கு இல்லை. ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடி, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம் சொரசொரன்னு இருக்குடா" என்று நாள் முழுக்க உதவினார்.

மிதந்ததா என்று கேட்பீர்கள். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் அம்சமாக மிதந்தது. அது வரைபடம் போட்டவரின் கெட்டிக்காரத்தனம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு சார். புடிச்ச மீன எங்க போடுவீங்க?" என்றார். வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

சித்தப்பா இப்போது பழைய தெர்மகோலையும் தலையணை உறையையும் வைத்து லைஃப் ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்கிறார். படகை வேண்டுமானால் வீட்டில் கட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கடையில் வாங்குங்கள்.