விரல் இருக்க வைஃபை எதற்கு?

நவி மும்பை வாஷியில் ஒரு பிளாட்டை ஆள்வது அதன் சொந்தக்காரர்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் வாஷிக்குக் குடிவராதவர்கள். தண்ணீர் எப்போது வரும் என்பதை மாநகராட்சி முடிவு செய்கிறது. கரண்ட் விஷயம் மஹாவிதரண் கையில். பாத்திரம் எப்போது துலங்கும் என்பது வேலைக்கு வரும் மாவ்ஷியின் இஷ்டம்; அவர் லீவு எடுத்தால் அன்றைக்கு வீட்டில் சமையலே சுருங்கிவிடும். எனக்கென்று மிச்சமிருந்த ஒரே அதிகாரம், உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி விளக்கைப் போடுவதும் அணைப்பதும். அதையும் என் மச்சினன் வந்து பிடுங்கிக்கொண்டான்.

மச்சினன் ஐரோலியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். "அத்தான், இந்தக் காலத்துல யாராவது எந்திரிச்சுப் போயி சுவிட்ச் போடுவாங்களா?" என்று கேட்டான். எங்கள் ஹாலில் எழுந்திரிக்கவே வேண்டாம், கையை நீட்டினால் எந்தச் சுவரும் எட்டும் என்று நான் சொல்வதற்குள் பல்புகள், ஒரு பேசும் பெட்டி, கேமரா வைத்த காலிங் பெல் எல்லாம் மாட்டி முடித்திருந்தான்.

பெட்டிக்கு இங்கிலீஷும் இந்தியும் தெரியும். என் அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழ் தெரியும்; செம்பூரில் காய்கறி வாங்கிப் பழகிய இந்தியும் தெரியும். முதலில் தாய்மொழியில்தான் ஆரம்பித்தாள். "ஏட்டி, அந்த லைட்ட அமத்து." பெட்டியிடமிருந்து பதில் இல்லை. வடக்கத்திப் பிள்ளை போலிருக்கிறது என்று இந்திக்கு மாறினாள். "பத்தி பந்த் கரோ." பெட்டிக்கு அது பக்தி என்று காதில் விழுந்ததோ என்னவோ, கணீரென்று ஒரு பஜனைப் பாட்டை எடுத்துவிட்டது. விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. "சொன்ன வேலையச் செய்யலேன்னாலும் நல்லா வளத்திருக்காவ. சாமி பாட்டுல்லா படிக்கா!" என்றாள்.

அடுத்தது மாவ்ஷி. இந்த அறிவாளி பல்புகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் பல்பின் படிப்பெல்லாம் அந்த நிமிடமே போய்விடும். போனில் என்ன தட்டினாலும் எரியாது. மாவ்ஷியோ பெருக்கித் துடைத்ததும் எல்லாச் சுவிட்சையும் பொறுப்பாக அணைத்துவிட்டுப் போகிறவர். அடுத்தவர் வீட்டுக் கரண்ட் பில்லுக்காகக் கவலைப்படும் ஒரு பெண்மணியைக் கண்டிக்கவும் மனம் வரவில்லை. ஆகவே சுவிட்சின் மேல் செல்லோடேப் ஒட்டி, 'ஹாத் லாவூ நகா' (தொடாதீர்கள்) என்று மராத்தியில் எழுதி வைத்தோம். அதைப் படித்த மாவ்ஷி, சுவிட்ச் ஷாக் அடிக்கிறது என்று முடிவு செய்து அந்தச் சுவர்ப் பக்கம் பெருக்குவதையே நிறுத்திவிட்டார்.

காலிங் பெல்லின் கதை வேறு. அது வீட்டில் அடிப்பதில்லை, என் போனில் அடிக்கும். ஹார்பர் லைன் வண்டி மான்குர்த் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் ஏறும்போது சட்டைப் பை அதிரும். எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கக் காய்கறிக்காரர் முகம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெண்டைக்காய் விலை கேட்பேன். "ஜாஸ்தி சொல்றான், துர்பே மார்க்கெட்டில் பாதி விலை" என்று ரயில் பெட்டியில் இருக்கும் முன்பின் தெரியாதவர்கள் எனக்காகப் பேரம் பேசுவார்கள். இத்தனையும் நடக்கும்போது, கதவுக்கு ஆறடி தூரத்தில் என் மனைவி பெல் அடித்ததே தெரியாமல் வெண்டைக்காய் இல்லாத சாம்பார் வைத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1969இல் அமெரிக்காவின் நீமன் மார்கஸ் கடை, ஹனிவெல் தயாரித்த 'சமையலறைக் கம்ப்யூட்டர்' ஒன்றைத் தன் விற்பனைப் பட்டியலில் போட்டது. விலை 10,600 டாலர். இன்று என்ன சமைக்கலாம் என்று இல்லத்தரசி அதனிடம் கேட்கலாமாம். கேள்வியைக் குட்டிக் குட்டி சுவிட்சுகளைத் தட்டிக் கேட்க வேண்டும்; பதில் வரிசையாக விளக்குகள் எரிந்தும் அணைந்தும் வரும். இந்தப் பாஷையைக் கற்க இரண்டு வாரப் பயிற்சி உண்டு. யாரும் வாங்கியதாக ஒரு தடயமும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் அம்மா ஒரு வருஷத்துக்கான வடகமே போட்டுவிடுவாள்.

அதற்கு 14 வருடம் முன்னால், 1955 டிசம்பரில், ஜப்பானில் தோஷிபா கம்பெனி ஒரு மின்சார அரிசிக் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதற்குப் பேசத் தெரியாது. இரண்டு பாத்திரங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறும். இரட்டை உலோகத் தகடு வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். சோறு வெந்த பிறகு அடுப்பை அணைக்க ஆள் வேண்டாம். ஹனிவெல் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்துக்குப் போனது. குக்கர் ஊரெங்கும் பரவியது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வீட்டு வேலைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். விரல் செய்யும் வேலை ஒன்று, கண் செய்யும் வேலை மற்றொன்று. சுவிட்சைத் தட்டுவது விரலின் வேலை. ஒரு நொடியில் முடியும். பால் பொங்குகிறதா, தொட்டி நிரம்பிவிட்டதா, வெந்நீர் கொதித்துவிட்டதா என்று காத்துக் கிடப்பது கண்ணின் வேலை. அதுதான் மனிதரை வேறெதையும் செய்யவிடாமல் கட்டிப்போடுகிறது. ஃபிரிட்ஜிலும் கீஸரிலும் இருக்கும் தெர்மோஸ்டாட், பிரஷர் குக்கரின் விசில் எல்லாமே கண்ணுக்குப் பதில் காவல் நிற்பவை. நாம் அவற்றை ஆட்டோமேஷன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை, ஒரு நொடி வேலையிலிருந்து விரலுக்கு ஓய்வு கொடுக்கின்றன. பதிலுக்கு ஆப்பு, பாஸ்வேர்டு, அப்டேட் என்று மூன்று புது வேலைகளைக் கண்ணுக்கு ஏற்றிவிடுகின்றன.

எங்கள் சொசைட்டியில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. நவி மும்பைக்குத் தண்ணீர் தருவது மோர்பே அணை. மாநகராட்சியே சொந்தமாக வைத்திருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாக வந்த தண்ணீர் எங்கள் கீழ்த்தொட்டியில் இறங்கி, பம்ப்பால் மொட்டை மாடிக்கு ஏறும். வாட்ச்மேன் பம்ப்பைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் மாடியிலிருந்து அருவி கொட்டும். குற்றாலத்தை நினைத்து அம்மா மட்டும் ரசிப்பாள். கீழ்வீட்டுக் குஜராத்திக்காரர் கத்துவார். ஒவ்வொரு ஜெனரல் பாடி மீட்டிங்கிலும் இதே சண்டை. கடைசியில் ஒரு லெவல் கண்ட்ரோலர் வாங்கி மாட்டினார்கள். மேலே நிரம்பினால் பம்ப் நிற்கும். கீழே வற்றினாலும் நிற்கும். சண்டையும் நின்றது. மீட்டிங்கில் பேச விஷயமில்லாமல் பார்க்கிங்குக்கு மாறிவிட்டார்கள்.

தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மிதவை ஏறி இறங்க, அதைக் கொண்டு வரத்தை அடைக்கும் உத்தி, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் தன் நீர்க்கடிகாரத்தில் பயன்படுத்தியது. அதே உத்திதான் இன்றும் நம் கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் வேலை பார்க்கிறது. வெளியூரில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிடமும் அது அனுமதி கேட்பதில்லை.

அனுமதி கேட்கிறவற்றின் கதி என்ன ஆகும் என்பதை 2025 அக்டோபர் 20 அன்று உலகம் பார்த்தது. நமக்கு அன்று தீபாவளி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கம்ப்யூட்டர் மையங்களில் கோளாறு ஏற்பட, பல நாடுகளில் குரல் பெட்டிகள் வாய் மூடின, கேமரா பெல்கள் கண் மூடின. இன்டர்நெட்டில் சூடு, சாய்வு எல்லாம் சரிசெய்துகொள்ளும் விலை உயர்ந்த மெத்தைகள்கூட அன்று மக்கர் செய்தன. சூடாகிப்போன, நிமிர்ந்த நிலையிலேயே நின்றுவிட்ட படுக்கைகளில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. கோரைப்பாய் சர்வர் டவுன் என்று சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்காக இயந்திரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955இல் வெட் கிரைண்டரை உருவாக்கியிருக்காவிட்டால் நம் வீட்டுப் பெண்களின் தோள்பட்டை என்ன ஆகியிருக்கும்? அதிலும் ஒரு கொக்கி உண்டு. "ஆட்டுரல் இருந்தப்போ தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் இட்லி. கிரைண்டர் வந்தாலும் வந்துச்சு, தெனமும் இட்லி கேக்கியோ" என்பாள் அம்மா. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு புத்தகமே எழுதி இதைத்தான் சொன்னார்: வீட்டுக்கு இயந்திரங்கள் வந்தபின் உடலுழைப்பு குறைந்தது, எதிர்பார்ப்பு கூடியதால் அம்மாவின் நேரம் மிச்சமாகவில்லை. அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

மச்சினன் மாட்டியதில் ஒன்றே ஒன்றை நான் கழற்றவிடமாட்டேன். ராத்திரி அம்மா பாத்ரூமுக்கு எழுந்தால், ஆள் அசைவைக் கண்டு தானாகவே எரியும் சின்ன விளக்கு. இருட்டில் சுவிட்சைத் தடவ வேண்டாம். விழுந்துவிடுவாளோ என்று பக்கத்து அறையில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கவும் வேண்டாம். கைகால் முடியாமல் படுக்கையில் இருப்பவர் குரல் கொடுத்தே மின்விசிறியைப் போட முடிந்தால் அது ஆடம்பரம் இல்லை. அவருக்குத் திரும்பக் கிடைத்த சுதந்திரம். அவருக்காக அந்தப் பெட்டி தமிழையும் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே தள்ளுபடி விற்பனையில் மயங்கி ஆர்டர் போடுமுன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இது விரலின் வேலையைச் செய்கிறதா, கண்ணின் வேலையையா? இன்டர்நெட் போனால் என்ன ஆகும்? உங்கள் அம்மாவும் வேலைக்கு வருபவரும் யாரையும் கேட்காமல் இதைப் பயன்படுத்த முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு லெவல் கண்ட்ரோலர் போடுங்கள். விளக்குப் போட விரல் போதும்.