பிபிஎம் அண்ணன்

பிபிஎம் அண்ணனிடம் "சௌக்கியமா அண்ணே?" என்று ஒப்புக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது. "காலையில 2 இருந்துச்சு தம்பி, இப்ப 0.5க்கு எறங்கிடுச்சு" என்று முகம் வாடிச் சொல்வார். சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ என்று நாம் பதறவேண்டியதில்லை. மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் குளோரினைத்தான் சொல்கிறார்.

தொட்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நீச்சல் குளம். கம்பிச் சட்டம் நிறுத்தி அதில் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பூட்டிய வட்டம். பத்தடி அகலம், பெரியவர் நின்றால் தொடை வரை ஆழம். 4,000 லிட்டர் பிடிக்கும். அதாவது 4 டன். கீழே சமையலறையில் தாளிக்கும் அண்ணிக்கு ஒரு கண் வாணலியில், ஒரு கண் கூரையில்.

பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையில் குதித்து விளையாடட்டும் என்றுதான் வாங்கினார். பிள்ளைகளும் வந்தார்கள். ஜட்டியோடு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் இன்னும் டெஸ்ட் எடுத்து முடிக்கவில்லை.

அந்த டெஸ்ட்டை நீங்கள் பார்க்க வேண்டும். இரட்டைக் குழாய் வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பா. முழங்கை ஆழத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். மேல்தண்ணி பொய் சொல்லுமாம். ஒரு குழாயில் குளோரினுக்கான சொட்டு, தண்ணீர் மஞ்சளாகும். இன்னொன்றில் பிஎச் பார்க்கும் சொட்டு, சிவப்பாகும். மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, டப்பாவின் ஓரத்தில் அச்சிட்ட கலர்க் கட்டங்களோடு ஒப்பிடுவார். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மறு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு சாட்சிக்கு ஆள் தேடுவார். இங்கேதான் தெருவுக்கே தலைவலி.

"தம்பி, ஒரு நிமிசம் மேல வா. இது 1.5 மஞ்சளா, 2 மஞ்சளா?"

வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட் மாட்டியவனைக்கூட விடமாட்டார். நான் 2 என்பேன். எதிர்வீட்டுக்காரர் 1.5 என்பார். கேஸ் சிலிண்டர் போட வந்த பையனையும் தோளில் சிலிண்டரோடு நிறுத்தி, "நீ சொல்லு நைனா" என்பார். கடைசியில் அண்ணி வந்து எட்டிப் பார்த்து, "இது மஞ்சளே இல்ல, சந்தனக் கலரு" என்பார். புடவை விஷயத்தில் அண்ணி சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆனால் அந்தச் சின்ன டப்பாவில் சந்தனத்துக்குக் கட்டம் இல்லை. மறுபடி முழங்கை ஆழம், மறுபடி சொட்டு.

வந்த எண்ணை நோட்டில் ஏற்றுவார். வடசென்னை மணலியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்ந்தவர். ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். மூன்று ஷிப்டுக்கும் ஒரே ஆபரேட்டர். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு மாடியில் உருவம் நடமாடினால் திருடன் என்று கத்தாதீர்கள், சி ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் அவர் கணக்கில் குறை சொல்ல முடியாது. நீச்சல் குளத்துக்குக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கலாம். 4,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற வேண்டுமானால் 4 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சரக்கு என்பதால் 12, 13 கிராம் போட வேண்டும். அண்ணன் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் போடுகிறார். ஆனால் நம்ம ஊர் உப்புக்காற்றில் பிரித்த பாக்கெட் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். போன வாரத்து 13 கிராம் இந்த வாரம் 13 கிராம் இல்லை. போதாக்குறைக்கு சித்திரை வெயில். நிழலில்லாத மாடியில் காலையில் போட்ட குளோரினில் பெரும்பங்கை உச்சிப்பொழுதுக்குள் சூரியனே குடித்துவிடும். காலையில் 3, மதியம் பூஜ்யம், கோபத்தில் அள்ளிக் கொட்டியதில் சாயங்காலம் 5. பவுடர் போடப் போட பிஎச் ஏறும். 7.5இல் குளோரினில் பாதிதான் வேலை செய்யும். 8க்குப் போனால் கால்வாசி. பிஎச்சை இறக்க ஆசிட் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே மக்கில் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்க்களத்தில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்ட அதே வாயு. அதனால் பவுடருக்கும் ஆசிட்டுக்கும் தனித்தனி மக்கு, தனித்தனி நேரம். இந்த ஒரு விஷயத்தில் அண்ணனுக்கு என் சல்யூட்.

இத்தனையும் முடிந்து எண் சரிக்கு வரும்போது பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். தப்பித்தவறி விழித்திருந்தால் விசாரணை. "தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கியா? ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா? சோப்பு போட்டு கால் கழுவுனியா?" எண்ணெயும் வியர்வையும் மூத்திரமும் குளோரினைத் தின்னும் என்பது நிஜம். ஆனால் பிள்ளை என்றால் எண்ணெயும் வியர்வையும் மற்றதும்தானே? அவை மூன்றும் இல்லாத பிள்ளையை எங்கே போய் வாங்குவது?

மணலிக்காரன் மூக்குக்கு வாசனையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதிலும் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்த பிறகு, காற்றில் ஏதாவது நெடி வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கம்பெனியா, அண்ணன் வீட்டு மாடியா? மேலேயிருந்து அண்ணன் குரல் கொடுப்பார். "நம்ம குளம்தான், பயப்படாதீங்க! நெடி வந்தா குளோரின் ஜாஸ்தின்னு அர்த்தம் இல்ல, கம்மின்னு அர்த்தம். வியர்வை, ஒண்ணுக்குல இருக்குற சமாச்சாரத்தோட சேர்ந்து குளோரமைன் ஆயிடுது. அதுதான் நாறுது." அதாவது, விசாரணையில் யாரோ ஒரு பேரன் பொய் சொல்லியிருக்கிறான்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயிலுக்கு மருந்தாக அண்ணன் மாத்திரைக்கு மாறினார். அந்த மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கும். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதுதான். ஆனால் குளோரின் செலவாகும், அமிலம் செலவாகாது. ஒவ்வொரு மாத்திரைக்கும் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரின் இருந்தும் சோம்பேறியாகக் கிடக்கும். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்றுதான்: தண்ணீரைப் பாதிக்குப் பாதி வெளியேற்றிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்ணன் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் மாடியிலிருந்து இறங்கித் தெருவோடு ஓடியது. தெருமுனையில் சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரி வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த பெண்கள், ஓடுகிற தண்ணீரில் கால் படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் சடையங்குப்பம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல். அதற்கு முந்தைய வருஷமே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தாயிற்று. குடம் மட்டும் எங்கள் பெண்களின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாறு ஊருக்குள் வரும். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இந்தப் பக்கமெல்லாம் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தது. அப்போது வீடு வீடாக ஏறி இறங்கியவர் இதே அண்ணன்தான். "ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம் பவுடர், கலந்து ஒரு மணி நேரம் விடு" என்று ஒவ்வொரு சம்ப்பிலும் அளந்து போட்டார். ஒரு சம்ப்பை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "கிருமிக்கு மருந்து கீது தம்பி. எண்ணெய்க்கு என்கிட்ட சொட்டு இல்ல" என்றார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அண்ணே, குடிநீர் குழாய் முனையில் வரும்போது குறைந்தது 0.2 பிபிஎம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வது உங்களுக்குத் தெரியாததில்லை. குளிக்கிற தண்ணீருக்கு மூன்று ஷிப்டு பார்க்கிறீர்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு ஷிப்டாவது பாருங்கள். இன்றைக்கு 1.5ஆக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு அந்தச் சொட்டு பாட்டிலோடு தெருமுனைத் தொட்டிக்கு வாருங்கள். லாரி வந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மஞ்சள் வந்தாலும் எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள். ஒரு மாதம் ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வார்டு ஆபீசுக்குப் போவோம். தெருக்காரர்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.