கைடு கடாட்சம்

முதியோர் மனநலத்தில் பிஎச்.டி. செய்யும் பெண்ணுக்கு கைடு இதுவரை அருளிய ஒரே வழிகாட்டல்: "சாம்பிள் சைஸைக் கூட்டும்மா." மற்றதற்கெல்லாம் வாட்ஸ்அப்பில் நீல டிக்தான்.

அவளும் எம்.எம்.எஸ்.இ. தாளோடு கிளம்பினாள். 1975-இல் வந்த அறிவாற்றல் சோதனை. மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். வட்டிக்கு விட்டே மூன்று பெண்களைக் கரையேற்றிய பாட்டி, இவள் பேனா மூடியைத் திறப்பதற்குள் 65-க்கு வந்துவிட்டார். தேதி கேட்டால், இன்று ஏகாதசி என்ற உபரித் தகவலோடு பதில். சரிபார்க்க இவள்தான் போனைத் தேடினாள். ஃபெல்லோஷிப் வராத மாதத்தில் தேதி யாருக்கு நினைவிருக்கும்?

அடுத்து, 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல். சலிப்பு, தெம்பு, நம்பிக்கை என்று போகும்.

"இதையெல்லாம் ஒங்க வாத்தியார் ஒன்னைக் கேட்டாரா கண்ணு?"

கேட்டார். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது என்று.