பால் 390

மளிகைக் கணக்கை எந்த வடிவத்தில் வைப்பது என்பது எங்கள் வீட்டில் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. காலண்டர் அட்டைக்குப் பின்னால் மனைவி பென்சிலால் எழுதிவந்தாள். அதைக் கேள்வியாக்கிய பெருமை என்னுடையது. ஆபீசில் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டில் பென்சிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

முதலில் சிஎஸ்வி. வரிக்கு ஒரு பொருள், நடுவில் கமா. அம்மா "புளி, பழசு, கொட்டை எடுத்தது" என்று சொல்லச் சொல்ல அடித்தேன். விலை இருக்கவேண்டிய கட்டத்தில் கொட்டை உட்கார்ந்துகொண்டது. கமா வந்தால் மேற்கோள் குறிக்குள் போடு என்று 2005-லேயே விதி எழுதிவிட்டார்கள். அம்மா மேற்கோள் குறி போட்டுப் பேசுவதில்லை.

எக்ஸ்எம்எல்லில் கடுகு என்று திறந்து கடுகு என்று மூட வேண்டும்; நூறு கிராமுக்கு இவ்வளவு மரியாதை தாங்காது. ஜேசானில் ஓரக்குறிப்புக்கு இடமில்லை. அதை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டார். "கடைக்காரர் மூணு ரூபா பாக்கி" போன்ற ஓரக்குறிப்புகள்தான் எங்கள் காலண்டர் அட்டையில் பாதி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

யாமல் பார்க்க லட்சணமாக இருந்தது. பால் வரும் நேரம் 6:30 என்று எழுதினேன். அதன் 1.1 பதிப்பு, கோலன் வைத்த எண்ணை அறுபதின் அடிமானத்தில் படிக்கும். ஆறை அறுபதால் பெருக்கி முப்பதைக் கூட்டி, திரையில் "பால் 390" என்று காட்டியது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எந்த மாட்டோட பாலுங்க இது?"

இதே பதிப்பு நார்வேயின் நாட்டுக் குறியீடான 'என்ஓ'வை 'பொய்' என்று எடுத்துக்கொள்ளும் என்று ஆறுதல் சொன்னேன். நார்வேக்காரர்களுக்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் எஸ்க்யூலைட், மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில். கேட்பது எஸ்க்யூஎல் மொழியில். 1970-ல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது அது. எப்படித் தேடுவது என்று சொல்ல வேண்டாம், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். என் மனைவி எனக்கு வேலை சொல்வதும் இப்படித்தான். புளிக்கு எவ்வளவு ஆயிற்று என்று வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடியவள் ஒருத்திதான், அவளுக்குப் பதில் தெரியும். இருந்தாலும் நான் கேட்டேன்.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த செக்கெண்ணெய்க்கு விலை தெரியாததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். 500 ரூபாய்க்கு மேற்பட்டவை எவை என்றேன், எண்ணெய் வரவில்லை. 500-க்கு மேற்படாதவை என்றேன், அப்போதும் வரவில்லை. எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது ஒன்று உண்டு; தெரியாதது எந்தப் பக்கமும் சேராது என்று மனைவிக்கு விளக்கினேன்.

"அப்போ உங்கம்மா கொண்டுவந்தது எந்தக் கணக்கிலயும் வராது?"

ஹாலில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

"என்னடா அது?" என்றாள் அம்மா.

'விலை தெரியாதவை எவை' என்று தனியாகக் கேட்டால் வரும் என்று நான் ஆரம்பிப்பதற்குள், எண்ணெய் டின் அம்மாவின் அறைக்குப் போய்விட்டது.