பேரு வெச்சவன் பாடுனானா, கண்ணு?

வா கண்ணு, இப்படி உக்காரு. காதுல சொருகியிருக்கறதக் கழட்டு. என்ன பாட்டு கேக்கறேன்னு கேட்டா மொழ நீளத்துக்கு ஒரு பேரு சொல்றயே, மூச்சு வாங்கல? 'மெலோடிக் டெத் மெட்டல்'ங்கற. எழவு வீட்டு ஒப்பாரியா சாமின்னு கேட்டா மொறைக்கற. ஒப்பாரிக்கு ஒரு பொணமாச்சும் வேணுமில்ல?

அந்தப் பேரெல்லாம் எப்படி வந்துச்சு தெரியுமா? வெனம்னு ஒரு இங்கிலீஷ்காரன் கூட்டம் 1982ல அவங்க ஆல்பத்துக்கு 'பிளாக் மெட்டல்'னு பேரு வெச்சுது. அமெரிக்காவுல பொசெஸ்டுன்னு சில பசங்க 1985ல போட்ட ஆல்பத்துல 'டெத் மெட்டல்'னு ஒரு பாட்டு. அட்டையில இருந்த பேரு சாதிப் பேரா ஆயிப்போச்சு. இது அதுல சேருமா, அது இதுல சேருமான்னு இன்னிக்கும் அடிச்சுக்கறீங்க. மோட்டார்ஹெட்டுன்னு ஒரு கூட்டத்துல லெம்மி இருந்தாரே, அவர ஊரே மெட்டல்னு சொல்லுச்சு. நாங்க வாசிக்கறது ராக் அண்ட் ரோல்னு கடைசி வரைக்கும் அவரு சொல்லிட்டேதான் இருந்தாரு. வாசிக்கறவன் பேச்ச எவன் கேட்டான்?

நானும் சந்தைப்பேட்டை ஓரமா கேசட்டுக் கடை வெச்சிருந்தவனாக்கும். காலி கேசட்டையும் துண்டுச் சீட்டையும் கொண்டாந்து குடுப்பாங்க, பதிஞ்சு குடுப்பேன். தட்டுல 'சாமி', 'சோகம்', 'டூயட்டு', 'குத்து'ன்னு எழுதி ஒட்டியிருந்தேன். எதுக்கு? பாட்டு அப்படிப் பிரிஞ்சா பொறந்துச்சு? கல்யாண வீட்டுக்காரன் அவசரத்துல சோகத்தத் தூக்கிட்டுப் போயிறக் கூடாதில்ல, அதுக்கு. பேருக்குச் சோலி அவ்வளவுதான்.

கடைக்காரன் புத்தி எல்லாச் சீமையிலும் ஒண்ணுதான். 1987ல லண்டன்ல சின்னச் சின்ன ரெக்கார்டுக் கம்பெனிக்காரங்க ஒரு பப்புல கூடுனாங்க. ஆப்பிரிக்காப் பாட்டு வந்து குமியுது, கடையில எந்தத் தட்டுல வெக்கறதுன்னு தெரியல. பேசிப் பேசி 'வேர்ல்டு மியூசிக்'னு முடிவு பண்ணுனாங்க. அப்ப இங்கிலீஷ்காரன் பாட்டு எந்தக் கெரகத்துல பாடுனதாமா? நம்ம நாகசுரம், மாலி நாட்டுக் கோரா, பல்கேரியாப் பொம்பளைங்க பாட்டு, எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. பேரு நல்லால்லீன்னு 2020ல கிராமிக்காரங்க 'குளோபல்'னு மாத்துனாங்க. பலகை மாறுச்சு, பெட்டி அதே பெட்டிதான்.

இதாச்சும் சிரிச்சுட்டுப் போயிரலாம். இன்னொண்ணு சொல்றேன், கேளு. 1920ல நியூயார்க்குல மேமி ஸ்மித்துன்னு ஒரு கறுப்பம்மா 'கிரேஸி புளூஸ்' பாடுனாங்க. ரெக்கார்டு வித்துத் தள்ளுச்சு. கறுப்புச் சனமும் காசு குடுத்து வாங்கும்னு கம்பெனிக்காரனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது. தட்டப் பிரிச்சுட்டான். கறுப்பன் பாடுனா 'ரேஸ் ரெக்கார்டு'. மலங்காட்டு வெள்ளக்காரன் பாடுனா 'ஹில்பில்லி'. ரண்டு பேருமே தெக்குச் சீமைக்காரங்க, ஒருத்தன்கிட்ட ஒருத்தன் பாட்டுப் படிச்சவங்க. வெள்ளக்காரன் மடியில இருந்த பாஞ்சோவே ஆப்பிரிக்காக்காரங்களோட வந்ததுதான். அப்ப பிரிச்சது காதா, கண்ணா?

பொறவு 1949ல, பாட்டுப் பட்டியல் போடற பில்போர்டு பத்திரிகைக்கே அந்த 'ரேஸ்'ங்கற பேரு கூச்சமாப் போயிருச்சு. அங்க வேல பாத்த ஜெரி வெக்ஸ்லர் குடுத்த 'ரிதம் அண்ட் புளூஸ்'ங்கற பேர எடுத்துக்கிட்டாங்க. நல்ல பேருதான், நான் குத்தம் சொல்லல. பட்டியலுக்குள்ள யாரு? அதே ஆளுங்க. 1969ல 'சோல்'னாங்க. 1982ல மழுப்பாம 'பிளாக்'னே எழுதிட்டாங்க. 1990ல மறுக்கா பழைய பேருக்கே வந்து சேந்தாங்க. 2019ல லில் நாஸ் எக்ஸ்னு ஒரு கறுப்புப் பையன் குதிரை, தொப்பின்னு 'ஓல்டு டவுன் ரோடு' பாடுனான். அந்த 'ஹில்பில்லி'க்குப் பொறவு வந்த பேருதான் 'கன்ட்ரி'; இது கன்ட்ரி இல்லீன்னு பில்போர்டு அந்தப் பட்டியல்ல இருந்து தூக்கிப் போட்டுருச்சு. பையன் அழுதானா? பொதுப் பட்டியல்ல போயி 19 வாரம் மொதல் எடத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டான். தூக்குனவன் மூஞ்சிய நெனச்சுப் பாரு, எனக்கு இப்பவும் சிரிப்பா வருது.

உடனே எல்லாப் பேரும் வெட்டின்னு சொல்றதா நெனச்சுக்காத. சிகாகோவுல 'வேர்ஹவுஸ்'னு ஒரு கிளப்பு. பிராங்கி நக்கிள்ஸ்னு ஒருத்தரு விடிய விடிய ரெக்கார்டு போட்டு ஆட வெப்பாரு. அங்க போடற மாதிரிப் பாட்டு இருக்கான்னு சனம் ரெக்கார்டுக் கடையில கேக்கப் போயி அந்தப் பாட்டுக்கு 'ஹவுஸ்'னு பேரு நின்னுச்சு. ஆடுன காலு வெச்ச பேரு அது. நம்ம ஏத்தப் பாட்டும் நடவுப் பாட்டும் தாலாட்டும் அப்படித்தான? பேரச் சொன்னா எங்க, எப்பன்னு தெரிஞ்சுபோகும். விளக்கம் சொல்ல ஒரு ஆளு வேண்டியதில்ல.

2023 வாக்குல ஸ்பாட்டிஃபைக்காரன் கம்ப்யூட்டர வெச்சு 6,000க்கு மேல வகை பிரிச்சு வெச்சிருந்தான். அதுல 'எஸ்கேப் ரூம்'னு கூட ஒண்ணு. பாட்டுக்கு அந்தப் பேரு எதுக்குன்னு கேட்டவங்களுக்கே புரியல. நீ மட்டும் தலைய ஆட்டற, புரிஞ்ச மாதிரி.

அடுத்த பாட்டத் தேடிப் புடிக்க ஒதவுச்சுன்னா எந்தப் பேர வேணா வெச்சுக்க, நான் ஏன் தடுக்கறேன்? அது என்ற வகை இல்லீங்கன்னு காதப் பொத்தறதுக்குப் பேரு கேக்கறியே, அங்கதான் எனக்குப் பத்திக்குது.

சரி, எந்திரி. அந்த ஆறாயிரத்துல உன்ற அம்மிச்சி களையெடுக்கறப்பப் பாடுனது எந்தப் பேருக்குக் கீழ இருக்குன்னு பாத்துட்டு வா. இல்லீன்னா போய் அவகிட்டயே பாடச் சொல்லிக் கேளு. பேரு கேட்டு நச்சரிக்காத.