புத்தி பெரண்டுச்சா, ஈரல் கெட்டுச்சா?

வாய்யா மருமவனே, ஒக்காரு. ஒங்கப்பாருக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு புவனகிரி கடத்தெரு வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டியாமே. மைக் செட்டு கட்டாததுதான் கொற. அதையும் கட்டியிருந்தா கிள்ளையிலயும் பரங்கிப்பேட்டையிலயும் கேட்டிருக்கும்.

சரி, அவுரு என்னா பண்றாருன்னு நீ சொன்னதையே நான் திருப்பிச் சொல்றேன். பகலெல்லாம் கொறட்ட. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கொல்லையில நடமாட்டம். ஒரு நா ஒன்னையே யாருன்னு கேக்குறாரு, மறுநா பண்ருட்டி பலாப்பழம் என்னா வெலைக்குப் போவுதுன்னு புட்டுப்புட்டு வக்கிறாரு. மனைய எழுதி வாங்க ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போன எடத்துல கையெழுத்து கோழி கிண்டுனாப்புல கோணிப்போச்சு. ஒனக்கு வந்த கோவம் இருக்கே! அப்பன் கை நடுங்குதேன்னு வந்த கோவமா அது? மனை கைய வுட்டுப் போவுதேன்னு வந்தது.

இந்த மூணையும் சேத்துப் பாக்க ஒனக்குத் தோணல. அண்ணாமலை நகர்ல டாக்டருக்குப் படிக்கிறாளே எம் பேத்தி, அவளுக்குத் தோணிச்சு. "தாத்தா, மறதி ஒரு நா ஏறுது, ஒரு நா எறங்குது. ராப்பகல் தூக்கம் மாறிப்போச்சு. கையெழுத்தும் கெட்டுப்போச்சு. மூளை மட்டுந்தான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க, ஈரலையும் பாக்கச் சொல்லுங்க"ன்னா.

ஈரலுக்கும் நெனப்புக்கும் என்னாய்யா சம்மந்தம்னு நீ முழிக்கிற. நானும் முழிச்சேன், ஆனா வாயத் தொறந்து கேட்டேன். நாம திங்கிற சோறு, பருப்பு, மீனு எல்லாத்தையும் கொடல்ல இருக்குற கிருமிங்க பிரிச்சு மேயும்போது அம்மோனியா உண்டாவுது. மாட்டுக் கொட்டாய்ல மூக்க நெருடுமே, அந்த வாட. அத ஈரல் வாங்கி யூரியாவா மாத்தி மூத்திரத்துல அனுப்பிடும். ஈரல் தழும்பேறி இறுகிப்போனா அதுக்கு சிரோசிஸ்னு பேரு. வீராணத்து மதகு அடைச்சுக்கிட்டா தண்ணி சும்மாவா நிக்கும்? கரைய ஒடைச்சுக்கிட்டு வயல்ல பூரும். அதேதான். ரத்தம் ஈரலச் சுத்திக்கிட்டு வேற வழியில போவுது, கழுவாத அம்மோனியா நேரா மூளைக்கு ஏறுது. அப்பறம் பொண்டாட்டி பேரு மறக்கும், தேதி மறக்கும், வேட்டி கட்ட மறக்கும். ஊரு என்னா சொல்லும்? "பெருசுக்கு வயசாயிடுச்சு." வயசு பாவம், வாயில்லாதது, யாரு எத மேல போட்டாலும் வாங்கிக்கும்.

இது நம்மூருக் கத மட்டும் இல்ல. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஜஸ்மோகன் பஜாஜுன்னு ஒரு ஈரல் டாக்டரு. அவுரும் கூட்டாளிங்களும் 2009-லேருந்து 2019 வரைக்கும் மறதி நோய்னு முத்திர குத்துன முன்னாள் பட்டாளத்துக்காரங்க 1,77,422 பேரோட ரத்தக் கணக்க எடுத்துப் பாத்தாங்க. சிரோசிஸ் இருக்குன்னு யாரும் எழுதி வைக்காத ஆளுங்க அவங்க. அதுல 100-க்கு 10 பேருக்கு மேல ஈரல் இறுகியிருக்கலாம்னு சந்தேகப்படுற அளவுக்குக் கணக்கு எகிறியிருந்துச்சு. 2024-ல அத அச்சுப் போட்டாங்க. சந்தேகந்தான், தீர்ப்பு இல்ல. ஆனா ஒருத்தரும் சந்தேகமே படலங்கிறதுதான் சேதி.

அந்தக் கணக்கு பெரிய ரகசியமும் இல்ல. நெல்லு மூட்ட எண்ணத் தெரிஞ்சவன் போடலாம். ரத்த டெஸ்ட்டுல எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு ரெண்டு ஈரல் எண்ணு வரும். வயச எஸ்ஜிஓடியால பெருக்கு. ரத்தத் தட்டணு எத்தினி ஆயிரமோ அத எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால பெருக்கி, மேல வந்தத இதால வகு. வயசு 70, எஸ்ஜிஓடி 54, எஸ்ஜிபிடி 36, தட்டணு 1,40,000னு வச்சுக்க. மேல 3,780, கீழ 140-அ 6-ஆல பெருக்குனா 840. வர்றது 4.5. 2.67-அத் தாண்டுனாலே டாக்டரு புருவத்தத் தூக்குவாரு. வயசானவங்களுக்கு இந்த எண்ணு கொஞ்சம் தூக்கலாவே வரும், அதனால ஸ்கேனு எடுத்து உறுதி பண்ணணும். சீட்டுக் கம்பெனி வட்டிக்கு ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுக் கணக்குப் போட்டவன் நீ, இதுக்கா நோவும்?

இன்னொண்ணும் வூட்டுலயே பாக்கலாம். அவுர ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொல்லு. வெரல விரிச்சு மணிக்கட்டப் பின்னால மடக்கச் சொல்லு. ஈரல் சங்கதியா இருந்தா கை நிக்காம பொத்து பொத்துன்னு வுழுந்து எழும்பலாம். நீ அதப் பாத்து வீடியோ எடுத்துக்கிட்டு நிக்காத, வண்டியக் கெளப்பு.

"எங்கப்பா சொட்டுக்கூடத் தொட்டதில்லையே மாமா"ங்கிற. தெரியும். தொடுறது யாருன்னும் தெரியும். வெள்ளிக்கெழம சாயங்காலம் நீ பாண்டிக்கு எதுக்குப் போறன்னு ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கே தெரியும். சாராயம் ஒரு வழிதான். சர்க்கர ஒரு வழி, தொந்தி ஒரு வழி, மஞ்சக்காமால பி-யும் சி-யும் இன்னும் ரெண்டு வழி. நம்ம நாட்டுல நடந்த ஆராய்ச்சிங்கள ஒண்ணாச் சேத்துக் கூட்டி 2022-ல சொன்னாங்க, பெரியவங்கள்ல 100-க்கு 38 பேருக்கு ஈரல்ல கொழுப்பாம். எல்லாருக்கும் அது சிரோசிஸ் ஆவாது. ஆனா இருவது வருசமா சர்க்கரையும் வச்சிக்கிட்டு, சம்பா சாதம் கொத்சுன்னு ரெண்டு கட்டு கட்டிட்டு மதியம் சாயிறவரோட ஈரல ஒருத்தருமே திரும்பிப் பாக்காம வுட்டா எப்புடி?

கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேங்கிற. கீழாநெல்லிய நான் கொற சொல்லல. 1988-லயே மெட்ராசுல தியாகராசன்னு ஒரு ஆராய்ச்சிக்காரரோட கூட்டம் பி வைரஸ் ஒடம்புல ஒக்காந்த 37 பேருக்குக் குடுத்து, 22 பேருக்கு ரத்தத்துல அந்த வைரசோட அடையாளம் போயிடுச்சுன்னு லான்செட்டுங்கிற மருத்துவப் பத்திரிகையில எழுதுனாங்க. ஒலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் வேற ஊருங்கள்ல பண்ணிப் பாத்தப்ப அப்புடி வரல. அது வைரசுக்கு நடந்த வெவகாரம். தழும்பேறுன ஈரலுக்கோ கொழம்புன மூளைக்கோ அது சாட்சி சொல்லல. நீயி அதோட நிக்கலியே! சீந்தில் பொடி வேற. அத மாசக்கணக்குல தின்னு ஈரல் வீங்கி வந்தவங்கள பம்பாய் டாக்டருங்க பாத்து எழுதியிருக்காங்க. போதாக்கொறைக்கு ராத்திரி நடக்குறாருன்னு மெடிக்கல்ல தூக்க மாத்திர. ஈரல் கெட்டவனுக்கு அது எரியிற கொள்ளியில எண்ண.

வைத்தியம் என்னான்னு கேளு, சிரிச்சுடுவ. லேக்டுலோஸுன்னு இனிப்பா ஒரு சிரப்பு. ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தரம் எளக்கமா வெளிக்கிப் போவணும், அளவு அதுதான். அம்மோனியா அதோட வெளியேறும். அடங்கலன்னா ரிஃபாக்சிமின்னு மாத்திர சேப்பாங்க. மலச்சிக்கல், காய்ச்சல், வயித்துல ரத்தக் கசிவு, நீரு வத்திப்போறது, இதுல எது வந்தாலும் நெனப்பு மறுபடி கொழம்பும். அதனால தெனம் காலையில "போனீங்களாப்பா?"ன்னு கேளு. வெக்கமா இருக்கா? கையெழுத்துப் போடச் சொல்லக்குள்ள வெக்கம் எங்க போயிருந்துச்சு? அப்பறம், பருப்பையும் மீனையும் நிறுத்திடாத. சத கரைஞ்சுபோனா இன்னும் கேடு. அம்மோனியாவ அடக்குறதுல சதைக்கும் பங்கு உண்டு. ராத்திரி படுக்கப் போறப்ப எதனா சாப்புடக் குடு, வெறும் வயித்தோட வுடாத.

எல்லா மறதியும் ஈரல்லேருந்து வர்றதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுல 60 தாண்டுனவங்கள்ல 100-க்கு 7 பேருக்கு மேல மறதி நோய் இருக்குன்னு கணக்கு. அதுல பெரும்பாலானது திரும்பி வராத வண்டி. அப்புடின்னு தெரிஞ்சா அதுக்கு வேற பொறும வேணும், வேற பாசம் வேணும். ஆனா தைராய்டு, பி12, ஈரல்னு திருப்பக்கூடியது ஏதாவது உள்ள ஒளிஞ்சிருக்கான்னு பாக்காமலே அப்பன மூலையில ஒக்கார வக்கிறது இருக்கே, அதுக்குப் பேரு நோயி இல்ல, சோம்பேறித்தனம். கடலூர் பெரியாஸ்பத்திரி இருக்கு, அண்ணாமலை நகர் இருக்கு, ரொம்பப் போனா பாண்டியில ஜிப்மர் இருக்கு. பாண்டிக்கு வழி ஒனக்கு நான் சொல்லணுமா?

எனக்கு இதுல ஒண்ணும் லாபம் இல்ல, கேட்டுக்க. ஒங்கம்மா கல்யாணத்துல நாலு பவுன் போடறேன்னு சபையில சொல்லிட்டு ரெண்டோட நிறுத்திக்கிட்டவன் நான். மிச்சம் ரெண்டு பவுன இன்னும் நெனப்புல வச்சிருக்குற ஒரே ஆளு ஒங்கப்பாருதான். பவுனு விக்கிற வெலைக்கு அவுருக்கு மூள தெளிஞ்சா எனக்கு எம்மாம் நட்டம்னு யோசி. நட்டப்படப் போறவன் நானே கூட்டிட்டுப் போடாங்கறேன், பெத்த புள்ள ஒனக்கு என்னாடா தயக்கம்?